வேலிக்கம்பத்தில் மீன்கொத்தி

கால்சட்டையைத் தண்ணீரில் முக்குவதற்கு முன்னால் அதில் ஒட்டியிருந்த ஒட்டுப்புல்லைத் தையலக்கா ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். கொல்லையில் துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்து, துணியை மடியில் விரித்து, தையல் பிரிக்கிற சின்னக் கத்தியின் முனையால் நெம்பி நெம்பி எடுத்தாள். கணுக்கால் மடிப்போடு நின்றிருந்தால், நடக்கிற வழியில் ஒட்டியிருக்கும் என்று விட்டிருப்பாள். இது முழங்காலுக்கு மேலே ஏறியிருந்தது. போதாததற்கு மஞ்சள் மகரந்தம் வேறு, தொடைப்பக்கம் திட்டுத்திட்டாக.

கால்சட்டைக்குச் சொந்தக்காரர் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர். காலையில் ஏறி உட்கார்ந்தால் பிள்ளைகளை இறக்கிவிட்டுத்தான் எழுந்திருப்பார். சாயங்காலமும் அப்படியே. அவளுக்குத் தெரிந்து பஸ்ஸுக்குள் புல் முளைத்திருக்கவில்லை.

"என்னங்க, எந்தக் காட்டுல உருண்டீங்க?" என்று உள்ளே பார்த்துக் கத்தினாள்.

ரேடியோதான் பேசிக்கொண்டிருந்தது. அவரும் கொஞ்ச நாளாக ரேடியோதான் கேட்கிறார். பேப்பரை எடுத்தால் மடித்தபடியே வைத்துவிடுகிறார். கேட்டால், "அதுல என்ன இருக்கு, எல்லாம் பொய்" என்பார். அவருடைய உண்மையெல்லாம் ரேடியோவில் வருகிறது போலிருக்கிறது.

தையலக்கா என்பது அவளுடைய பெயரில்லை. ஆனால் ஊரில் அவளைவிட மூத்தவர்கள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்தபோது கூடவே வந்தது ஒரு தையல் மிஷின். முன்னறையில் சன்னல் ஓரமாக அதைப் போட்டதோடு சரி, இன்றுவரை அது நகரவில்லை. அவளும்தான். ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குச் சீருடை தைத்துக் கொடுப்பது அவள் வேலை. அவள் புருஷன் பஸ்ஸில் ஏற்றிப்போகும் பிள்ளைகள் எல்லாம் முதலில் அவள் டேப்புக்குள் வந்து போனவர்கள். பெயர் மறந்தாலும் அளவு மறக்க மாட்டாள். புத்தகப்பை தூக்கித் தூக்கி ஒரு தோள் இறங்கிப்போனவன், அளவெடுக்கும்போது வயிற்றை எக்கிக்கொள்கிறவன், உயரமாகத் தெரியவேண்டும் என்று குதிகாலைத் தூக்குகிற குட்டி என்று எல்லாரையும் தெரியும். அந்தக் குட்டியின் தலையில் ஒரு தட்டுத் தட்டி, "காலை ஊன்றி நில்லு, பாவாடை என்ன உன்னைப் பார்த்து ஏமாந்துடுமா?" என்பாள்.

தொழில் அவளுக்குக் கொடுத்தது இரண்டு. ஒன்று முதுகுவலி, இன்னொன்று சந்தேகம். "போன வருஷ அளவேதான் அக்கா, ஒரு மாத்தமும் இல்ல" என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு சொன்னவர்களை எத்தனை பேரைப் பார்த்திருக்கிறாள்! ஆள் சொல்வதற்குத் தலையை ஆட்டிவிட்டு டேப் சொல்வதைத்தான் எழுதிக்கொள்வாள். புருஷன் விஷயத்தில் மட்டும் இத்தனை வருஷம் டேப்பை எடுக்கவேண்டிய அவசியம் வந்ததில்லை. நேர்கோட்டில் ஓடுகிற தையல் மாதிரி மனிதர். போவார், வருவார், சாப்பிடுவார், தூங்குவார்.

அந்த மனிதர் இப்போது பறவை பார்க்கக் கிளம்பிவிட்டார்.

பனி விலகி, வெயில் இன்னும் பல்லைக் காட்ட ஆரம்பிக்காத வசந்தத் தொடக்கத்தில்தான் இது ஆரம்பித்தது. விடிந்தும் விடியாமலும் எழுந்து கொல்லைப்பக்கம் போவார். கொல்லையின் முடிவில் கம்பி வேலி. அதற்கப்புறம் யாரும் உழாத தரிசு, அதைத் தாண்டி வாய்க்கால் கரை. தரிசின் இடதுகோடியில் ஒரு கோழிப்பண்ணை. அவர் வேலியோரம் போய் நிற்பார், சில நாள் கம்பியைத் தூக்கிக் குனிந்து அந்தப்பக்கமும் போவார். பஸ் எடுக்கிற நேரத்துக்குத்தான் திரும்பி வருவார்.

"எங்க போனீங்க?"

"பறவை பாக்க."

"பறவையா!"

"வசந்தகாலம்ல. என்னென்னவோ வருது, போகுது."

"கட்டிக்கிட்டு வந்த நாள்லேர்ந்து காக்காயைத் தவிர வேற ஒரு பறவை பேரு உங்க வாயில வந்து நான் கேட்டதில்ல."

"இப்ப வருதில்ல? கேட்டுக்கோ."

காதில் பூ சுற்றுவது என்றால் இதுதான். தரிசு முழுக்கப் பூ வேறு மண்டிக் கிடந்தது, சுற்றுவதற்குப் பஞ்சமில்லை.

அவர் சுட்டுகிற திசையில் பறவை இருந்ததோ இல்லையோ, கோழிப்பண்ணை இருந்தது. போன மழைக்காலத்தில்தான் அந்தப் பெண் அதை எடுத்து நடத்த வந்தாள். புருஷன் வெளியூரில் இருக்கிறான் என்றார்கள். புருஷனே இல்லை என்றும் சிலர் சொன்னார்கள். காலைக் குளிருக்குச் சிவப்பு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, தீவன வாளியைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்கும் தொட்டிக்கும் நடந்துகொண்டே இருப்பாள். நல்ல உயரம். உயரமானவர்களுக்கு ஸ்வெட்டர் எடுப்பாக இருக்கும், அது தையலக்காவுக்குத் தொழில்ரீதியாகவே தெரியும்.

சந்தேகம் ஒரு நூல். ஒரு முனை கிடைத்துவிட்டால் மற்றதெல்லாம் தானாகப் பிரிந்து வரும். முன்பெல்லாம் ஒருநாள் விட்டு ஒருநாள் முகம் மழிக்கிறவர், இப்போது தினமும் மழிக்கிறார். தாடையில் வெட்டுக்காயம் வேறு. அவசரம். யாரைப் பார்க்கிற அவசரம்? இன்னொன்று, சாயங்காலங்களில் அவளுக்கு ஊசியில் நூல் கோத்துக் கொடுப்பது அவர்தான். கல்யாணமான புதிதில் விளையாட்டாக ஆரம்பித்தது, அவளுக்குக் கிட்டத்தில் இருப்பது மங்கலாகத் தெரிய ஆரம்பித்தபிறகு வழக்கமாகிவிட்டது. நாளைக்கு வேண்டிய ஊசிகளைக் கோத்து, பஞ்சு உருண்டையில் வரிசையாகக் குத்தி வைப்பார். அதை நிறுத்திவிட்டார். "உனக்குக் கண்ணாடி எதுக்கு இருக்கு? எல்லாத்துக்கும் நானே வரணுமா?" என்று ஒருநாள் வெடுக்கென்று சொன்னார். அந்தச் சொல் அவளைக் குத்தியது. ஊசி குத்தினால்கூட அவ்வளவு நேரம் வலிக்காது.

மகளுக்குப் போன் போட்டாள். நகரத்தில் வேலை பார்க்கிறவள் அவள், எப்போதும் எங்கேயோ ஓடிக்கொண்டே பேசுவாள்.

"உங்கப்பா பறவை பாக்குறாருடி."

"நல்லதுதானே அம்மா! இங்கல்லாம் அதுக்குன்னே கூட்டமா கிளம்பிப் போறாங்க. ரத்தக்கொதிப்பு குறையுமாம்."

"எனக்குல்ல ஏறுது."

"பைனாகுலர் ஒண்ணு வாங்கி அனுப்பவா?"

"ஆமா, அது ஒண்ணுதான் குறைச்சல். இன்னும் கிட்டத்துல பாக்கட்டும்" என்று சொல்லிப் போனை வைத்தாள். மகளுக்கு ஒன்றும் புரிந்திருக்காது.

அன்றிலிருந்து அவளும் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்க்க ஆரம்பித்தாள். அவர் பொய் சொல்கிறார் என்று பிடிக்க வேண்டுமென்றால் அங்கே உண்மையில் என்ன இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும் அல்லவா? அவர் எழுந்துபோனதும் சமையலறைச் சன்னலில் நின்றாள். அவர் பஸ்ஸை எடுத்துக்கொண்டு போனபிறகு வேலிவரை நடந்து போனாள். இத்தனை வருஷம் அந்தக் கொல்லையில் துணி காயப்போட்டிருக்கிறாள், ஒருநாள்கூட அதைப் பார்த்ததில்லை. இப்போது பார்த்தாள். வேவு பார்க்க வந்த கண்ணில் வசந்தம் மாட்டிக்கொண்டது.

வேலியின் மூலைக் கம்பத்துக்குக் கீழே ஒரு நீர்க்குட்டை. அந்தக் கம்பத்தில் ஒரு மீன்கொத்தி வந்து உட்காரும். முதுகு நீலம், வயிறு செம்மண் நிறம். பளிச்சென்று குட்டையில் விழும், வாயில் ஒன்றோடு எழும்பி வந்து, மறுபடி அதே இடத்தில் உட்காரும். துவைக்கிற கல்லைச் சுற்றி வாலாட்டிக் குருவி ஒன்று, சோப்புத் தண்ணீரில் கால் வைத்துவிட்டுக் காலை உதறும். புதருக்குள் தவிட்டுக்குருவிக் கூட்டம், எல்லாம் ஒரே நேரத்தில் பேசும், ஒன்றுகூடக் கேட்காது. தலையில் விசிறி வைத்த கொண்டலாத்தி தரிசில், பழைய கிணற்று மேட்டில், மண்ணைக் குத்திக் குத்தி நடக்கும், பொத்தான் துளை போடுகிற மாதிரி. கோழிப்பண்ணைக்காரியின் தீவன வாளியைச் சுற்றிச் சிட்டுக்குருவிகள். அந்தப் பக்கம் பார்ப்பதும் அவளுக்கு இப்போது வேலையாகிவிட்டது.

பூக்களுக்கு அவளுக்குப் பெயர் தெரியாது, தும்பையும் எருக்கும் தவிர. அவளே வைத்துக்கொண்டாள். தரையோடு படர்ந்த குட்டி வெள்ளைப்பூவுக்குக் கொக்கிப் பூ. ஓரம் சுருக்கு வைத்த ஊதாவுக்குக் கொசுவப் பூ. வாய்க்கால் கரை நெடுக, இடுப்பு உயரத்துக்கு, மஞ்சள் மஞ்சளாகக் குலுங்கியதற்குப் பொத்தான் பூ. கால்சட்டையின் தொடையில் அப்பியிருந்த மகரந்தம் அதனுடையதுதான் என்று ஒரு பூவைத் துணியில் தேய்த்துப் பார்த்து முடிவு செய்தாள். ஆக, கரைவரைக்கும் போகிறார். கரை வழியாகப் போனால் கோழிப்பண்ணையின் பின்வாசல்.

ராத்திரிச் சாப்பாட்டில் விசாரணையை மெதுவாக ஆரம்பிப்பாள்.

"இன்னைக்கு என்ன பாத்தீங்க?"

"கிணத்து மேட்டுல மைனா. மூணு நாலு."

கிணற்று மேட்டில் அன்று காலை முழுக்கக் கொண்டலாத்தி. கொண்டையும் கோடுமாக, கண் இருக்கிற எவனும் மைனா என்று சொல்ல மாட்டான். தலையைக் குனிந்துகொண்டு, "ஓ" என்றாள்.

இன்னொரு நாள், "மீன்கொத்தி வந்துச்சு" என்றார். அது வந்திருந்தது. அவர் சொன்னது சரிதான் என்பது அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

வாய்க்காலைச் சுத்தம் செய்ய ஒரு நாள் ஆட்கள் வந்தார்கள். புல் வெட்டுகிற மிஷினைத் தோளில் மாட்டிக்கொண்டு, தூர்வாருவதற்கு வசதியாகக் கரையை ஒட்ட மழித்துவிட்டுப் போனார்கள். மத்தியானத்துக்குள் பொத்தான் பூ மொத்தமும் தரையில் கிடந்தது. தையலக்காவுக்கு ஏனோ மனசு கேட்கவில்லை. நன்றாகத் தைத்த துணியை யாரோ கத்தரித்துப் போட்ட மாதிரி இருந்தது. கரை வெறும் பழுப்பாக, அசிங்கமாக நின்றது.

இரண்டு நாள் கழித்து, காலையில் வேலியோரம் இருந்து திரும்பி வந்த அவர் டீயை உறிஞ்சிக்கொண்டே சொன்னார்: "கரையப் பாத்தியா? ஒரே மஞ்சள். இந்த வருஷம் மாதிரி பூத்ததே இல்ல."

தம்ளரை அவர் கையிலிருந்து பிடுங்கி எறியலாமா என்று இருந்தது. கரையைப் பார்த்தாராம்! கரையில் ஒரு பூ இல்லை. அப்படியானால் கரைப்பக்கமே இவர் போகவில்லை, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கண் வேறு எங்கேயோ இருந்திருக்கிறது. எங்கே என்று சொல்லவும் வேண்டுமா?

"ஆமா, ரொம்ப அழகுதான்" என்றாள். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. அவர் கவனிக்கவில்லை. சுவரைத் தடவியபடியே போய்ச் சட்டையை எடுத்தார்.

அவளாகப் போய்க் கேட்டுவிடலாம் என்று இருந்தபோது கோழிப்பண்ணைக்காரியே வந்துவிட்டாள். சனிக்கிழமை காலை, பஸ் போனபிறகு, கையில் முட்டை அட்டையோடு. அதே சிவப்பு ஸ்வெட்டர், முழங்கையில் கிழிசல். அதைத் தைக்கக் கொடுக்கத்தான் வந்திருக்கிறாள் என்று முதலில் தோன்றியது. தையலக்கா முன்னறையில் நாற்காலியைக் காட்டினாள். அவள் உட்காரவில்லை.

"அக்கா, தப்பா எடுத்துக்கக் கூடாது."

"எடுத்துக்கறதா வேண்டாமான்னு கேட்டுட்டுச் சொல்றேன்."

"உங்க வீட்டுக்காரர்..." என்று இழுத்தாள். பிறகு ஒரே மூச்சில் கொட்டினாள். "தினமும் காலையில வேலிக்கிட்ட வந்து நிக்கிறாரு. என்னையே பாக்குறாரு. சரி, ஊர்ல பெரியவரு, பாத்துட்டுப் போகட்டும்னு இருந்தேன். கையைத் தூக்கி வணக்கம் வெச்சேன், பதிலுக்கு ஒண்ணும் இல்ல. இப்ப ஒரு வாரமா ஒரு கண்ணை மூடி மூடிக் காட்டுறாரு அக்கா."

"என்னது?"

"கண்ணடிக்கிறாரு."

தையலக்கா டேப்பை எடுத்துச் சுருட்ட ஆரம்பித்தாள். சந்தேகப்பட்டது சரியாகிவிட்டால் ஒரு திருப்தி வரும் என்று நினைத்திருந்தாள். வரவில்லை.

"உன்னையேதான்னு எப்படிச் சொல்ற? அங்க கோழியும்தான் இருக்கு."

"கோழிக்குக் கண்ணடிப்பாங்களா அக்கா?" என்றாள் அவள். கோபமாகத்தான் சொன்னாள், ஆனால் சொன்னதும் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. தையலக்காவுக்கு வரவில்லை. "வம்பு பண்ண வரல அக்கா. தனியா இருக்கிறவ. நாலு பேரு வாயில விழக்கூடாதுன்னு உங்ககிட்ட மட்டும் சொல்றேன்" என்று முட்டை அட்டையை மிஷின் பக்கத்தில் வைத்துவிட்டுக் கிளம்பினாள். வாசல்வரை போனவளிடம் தையலக்கா, "அந்த முழங்கைய இன்னொரு நாள் கொண்டா, தெச்சுத் தர்றேன்" என்றாள். ஏன் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பள்ளி விடுமுறை, பஸ் முன்பக்கம் மரத்தடியில் நின்றது. ஆனாலும் அவர் எழுந்து போனார். அவள் முதல்நாள் துவைத்த போர்வையைக் கொடியில் விரித்துவிட்டு அதன் பின்னால் நின்றுகொண்டாள். இதைவிடக் கிட்டத்தில் அவரை அவள் வேவு பார்த்ததில்லை. பத்தடி தள்ளி அவர் பக்கவாட்டு முகம்.

நிஜம்தான். இடது கண்ணை மூடினார். கையால் பொத்திக்கொண்டார். கொஞ்ச நேரம் வெறித்துப் பார்த்தார். பிறகு வலது கண்ணைப் பொத்தினார். உதடு அசைந்தது. என்னவோ எண்ணுகிறார். வேலிக் கம்பங்களை எண்ணுகிறார் என்று அவளுக்குப் பட்டது. மூலைக் கம்பம் வருவதற்கு முன்பே நிறுத்திக்கொண்டு, தலையை ஆட்டி, மறுபடி முதலிலிருந்து எண்ணினார்.

அந்த நேரம் பார்த்துக் கோழிப்பண்ணைக்காரி கொட்டகையை விட்டு வெளியே வந்தாள். வேலியோரம் அவரைப் பார்த்ததும் இடுப்பில் கை வைத்து நின்றாள். பிறகு வாளியிலிருந்த தீவனக் கரண்டியை எடுத்து, அடிப்பேன் என்று ஓங்கிக் காட்டினாள். பார்க்கிற எவனும் இரண்டடி பின்னால் நகர்ந்திருப்பான். அவர் முகத்தில் ஒரு சலனம் இல்லை. சிவப்பு ஸ்வெட்டர் போட்ட ஒரு ஆள் எதிரில் கரண்டியோடு நிற்பதே தெரியாதவர் மாதிரி, அந்தத் திசையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

தையலக்கா போர்வையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். ஊசி நினைவுக்கு வந்தது. தாடையின் வெட்டுக்காயங்கள் நினைவுக்கு வந்தன. சுவரைத் தடவிய கை, மடித்தபடியே கிடந்த பேப்பர், மைனாவாகிப்போன கொண்டலாத்தி. இத்தனை நாள் ஒருவிதமாக அடுக்கி வைத்திருந்தது அத்தனையும் அவள் கண்முன்னால் பிரிந்து வேறுவிதமாக மடிந்தது.

ஆனாலும் நம்பவில்லை. டேப் வைத்துப் பார்க்காமல் எதையும் நம்புகிறவள் இல்லை அவள்.

அவர் உள்ளே போய்க் குளிக்கிற நேரத்தில் வெட்டுத்துணிப் பையைத் துழாவினாள். பள்ளிச் சீருடையின் நீலத்தில் ஒரு துண்டு. எப்போதோ யாருக்கோ தைத்த செம்மண் நிறத் திரைத்துணியில் ஒரு சின்னத் துண்டு. இரண்டையும் சேர்த்து முறுக்கி, மூலைக் கம்பத்தின் தலையில் நூலால் கட்டினாள். கிட்டத்தில் பார்த்தால் சிரிப்பாக இருந்தது. மூக்கு இல்லை, வால் இல்லை, கம்பத்துக்குத் தலைவலி வந்து துணி கட்டியது போல இருந்தது. சின்னக் குழந்தைகூட ஏமாறாது. கட்டிவிட்டு வந்து, சமையலறையில் அவருக்கு டீயைக் கொடுத்து, கொல்லைப் படியில் உட்காரச் சொன்னாள். தானும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஏதாவது தெரியுதா?"

அவர் படியிலிருந்து வேலியைக் கண்ணால் துழாவினார். தலையைக் கொஞ்சம் சாய்த்தார். அவர் முகத்தில் ஒரு நிம்மதி பரவியது.

"அதோ. மீன்கொத்தி. மூலைக் கம்பத்துல."

"நல்லாத் தெரியுதா?"

"ஏன் தெரியாம? நீலமா, கம்முனு உக்காந்திருக்கு. அசையவே மாட்டேங்குது பாரு."

அவள் எழுந்து உள்ளே போனாள். முன்னறையில் மிஷின் முன்னால் உட்கார்ந்து, திங்கட்கிழமை கொடுக்கவேண்டிய ஒரு குட்டிச் சட்டையைக் கையில் எடுத்தாள். குதிகாலைத் தூக்குகிறவளுடையது. ஊசியில் நூல் கோக்கப் பார்த்தாள், இரண்டு முறை தப்பியது. அவர் டீத் தம்ளரோடு பின்னாலேயே வந்தார். கதவு நிலையில் ஒரு கை வைத்து, நாற்காலியின் முதுகில் ஒரு கை வைத்து, வந்து உட்கார்ந்தார். இந்த வீட்டுக்குள் அவர் எப்படி நடக்கிறார் என்று இப்போதுதான் பார்க்கிறாள்.

"என்ன, பாதியில எழுந்து வந்துட்ட? பறந்துடப் போவுது."

"பறக்காது. நான்தான் கட்டி வெச்சேன்."

"எதை?"

"மீன்கொத்தியை. வெட்டுத்துணி அது."

அவர் தம்ளரைக் கீழே வைத்தார். சரியாகத் தரையில் வைக்கத் தடவிப் பார்த்து வைத்தார். ரேடியோ ஓடவில்லை. வெளியே தவிட்டுக்குருவிகள் மட்டும் என்னவோ சண்டை போட்டன.

"நேத்து நிஜமாவே இருந்துச்சு" என்றார் கடைசியில்.

"நேத்து இருந்துச்சு. கரையில பூவும்தான் போன வாரம் இருந்துச்சு. எல்லாத்தையும் மழிச்சுட்டாங்க. நீங்க இன்னும் மஞ்சளாப் பாக்குறீங்க." அவள் குரல் உயரவில்லை. "எவ்வளவு நாளா?"

"ஒரு கண்ணு நல்லாத்தான் இருக்கு."

"எந்தக் கண்ணு?"

அவர் ஒவ்வொரு கண்ணாகப் பொத்திப் பார்த்துக்கொண்டார். "காலையில இடது. வெயில் ஏறினா ரெண்டும் புகை மாதிரி."

"அப்புறம் எதுக்கு இந்தப் பறவை நாடகம்?"

"நாடகமில்ல." முதல்முறையாகக் கொஞ்சம் கோபம் வந்தது அவருக்கு. "பஸ் எடுக்கறதுக்கு முன்னாடி பாத்துக்குவேன். கம்பத்துல பறவை இருக்குதா இல்லையான்னு தெரிஞ்சா அன்னைக்கு ஓட்டலாம். அப்படி ஒரு கணக்கு வெச்சிருந்தேன்."

"தெரியலன்னா?"

அவர் நாற்காலியின் விளிம்பை விரலால் தடவினார்.

"நீங்க ஒருநாளும் லீவு போடலையே."

தெரியாத நாட்களில் என்ன செய்தார் என்று அவளுக்குப் புரிந்தது. கம்பத்தில் தன் மனசாலேயே ஒரு பறவையை உட்காரவைத்துவிட்டு வண்டியை எடுத்திருக்கிறார். இன்றைக்குப் படியில் அவர் முகத்தில் வந்தது அந்த நிம்மதிதான்.

"மழைக்காலத்துல பஸ் ஓரத்துல சிராய்ச்சு வந்துச்சே. மாடு குறுக்க வந்துச்சுன்னீங்க."

"மாடுதான்."

"மாடா, மதகுச் சுவரா?"

"ஏய், சும்மா நோண்டாத. அந்த ரோடு எனக்கு மனப்பாடம். கண்ணைக் கட்டிவிட்டாலும் ஓட்டுவேன்."

"ரோடு வெச்ச இடத்துல இருக்கும். பசங்க இருப்பாங்களா?"

அவள் மடியில் அந்தக் குட்டிச் சட்டை கிடந்தது. அவர் அதைப் பார்த்தாரா, அல்லது அந்த இடத்தில் ஏதோ வெளுப்பாக இருப்பதைப் பார்த்தாரா என்று தெரியவில்லை. இனி அவர் எதைப் பார்த்தாலும் அவளுக்கு இந்தக் கேள்வி வரும். அவளுக்கு ஒரு வினோதமான எண்ணம் வந்தது. கோழிப்பண்ணைக்காரியாகவே இருந்திருக்கலாம். அப்படி இருந்திருந்தால் சண்டை போட்டிருக்கலாம், அழுதிருக்கலாம், மகளைக் கூப்பிட்டு ஒப்பாரி வைத்திருக்கலாம். அதெல்லாம் இந்த வீட்டுக்குள் முடிந்திருக்கும்.

"டாக்டர்கிட்ட காட்டினா சரியாப் போகுமாம். புரையை அறுத்து எடுத்துடறாங்க, மறுநாளே வீட்டுக்கு வந்துடறாங்க."

"எங்கப்பாவுக்கும் அறுத்தாங்க" என்றார் அவர். "அதுக்கப்புறம் சாகுற வரைக்கும் சுவரைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நடந்தாரு. கக்கூசுக்கு நான்தான் கூட்டிட்டுப் போவேன்."

இது அவளுக்குத் தெரியாது. இத்தனை வருஷத்தில் அவர் சொன்னதில்லை. மாமனாரை அவள் படத்தில்தான் பார்த்திருக்கிறாள், படத்தில் அவர் நேராகக் கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தார். தையலக்காவுக்கு அந்த நிமிஷம் எழுந்து போய் அவர் தலையைத் தொடவேண்டும் போலிருந்தது. தொடவில்லை. இதையும் ஒருவேளை சமயம் பார்த்துச் சொல்கிறாரோ என்று மனசின் ஒரு மூலையில் ஓடியது. தன்னையே அவளுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் நினைப்பு நிற்கவில்லை.

அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். அவள் முகம் இருக்கும் பக்கம் குனிந்து, ஒரு பேரம் பேசுகிற குரலில், மெதுவாகச் சொன்னார்:

"பரீட்சை முடியற வரைக்கும். அவ்வளவுதான். அப்புறம் அவங்களே லீவு விட்டுடுவாங்க. நீ கூப்பிடற ஆஸ்பத்திரிக்கு வர்றேன், சத்தியமா வர்றேன். இப்பப் போய்ச் சொன்னா நாளைக்கே வேற ஒருத்தனை அந்த சீட்டுல உக்கார வெச்சிடுவாங்க. நான் இந்த வீட்ல என்ன பண்றது? உனக்கு நூல்கூடக் கோத்துத் தர முடியாது." நிறுத்தினார். "அதுவரைக்கும் வாயத் திறக்காத. மகளுக்கும் தெரிய வேணாம். சரியா?"

அவள் ஊசியைப் பஞ்சு உருண்டையில் குத்தினாள். குட்டிச் சட்டையைத் தோளோடு தோள் சேர்த்து மடித்து மிஷின் பலகையில் வைத்தாள். எழுந்தாள். அவள் எழுந்த சத்தத்துக்கு அவர் முகம் நிமிர்ந்தது, கொஞ்சம் இடம் மாறி, அவள் உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்த்தது.

சன்னலுக்குப் பக்கத்தில் ஆணியில் பஸ் சாவி தொங்கியது. கத்தரிக்கோல் தொங்குவது அதற்கு அடுத்த ஆணியில். இரண்டும் இத்தனை வருஷமாகப் பக்கத்தில் பக்கத்தில்தான் தொங்குகின்றன.

"சரின்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயேன்" என்றார்.

அவள் கையை நீட்டி, சத்தம் வராமல் வளையத்தை விரல்களுக்குள் அடக்கி, சாவியை ஆணியிலிருந்து எடுத்தாள்.

"என்ன, சொல்ல மாட்டியே?"

தையலக்கா அறையை விட்டு வெளியே போனாள்.